கேட்பதில் குறைவு இல்லை



சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பும் சபுராளிகள் பலருக்குத் திருச்சிராப்பள்ளியே தலைவாயில். அகால வேளையில் வந்திறங்கும் மகனை அழைத்துவர இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து குடும்பமே புறப்பட்டு வருகிறது. முன்பு உறவினர் வீட்டில் தங்குவார்கள். இன்று வசதியுள்ளோர் நட்சத்திர விடுதியை நாடுகின்றனர். அதன் பளிங்குக் கூடத்தில் கால் வைத்ததுமே நம்மவர்க்கு ஒரு தயக்கம்: விவரம் கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமோ?

இக்கணக்கைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறை வாடகைக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி, அதற்கு மேற்பட்டால் 18 விழுக்காடு. 7,000 ரூபாய் அறைக்கு வரியுடன் 7,350 ரூபாய்; 8,000 ரூபாய் அறைக்கோ 9,440. வாடகையில் வித்தியாசம் ஆயிரம். கையிலிருந்து கூடுதலாகப் போவது 2,090. ஆகவே, சொல்லப்படும் தொகை வரி உட்பட்டதா என்பதை முதலிலேயே கேளுங்கள்.

அடுத்தது நேரம். பெரிய விடுதிகள் பலவற்றில் ஒரு நாள் என்பது 24 மணி நேரமன்று; பிற்பகலில் தொடங்கி மறுநாள் நண்பகலோடு முடிவது. விடியற்காலையில் அறை எடுப்போர் அன்று நண்பகலுக்குப் பின் எவ்வளவு செலுத்த வேண்டிவரும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அறையிலுள்ள சிறு குளிர்ப்பெட்டியின் பண்டங்கள் பெரும்பாலும் இலவசமல்ல. பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். உணவு ரசீதில் 'சேவைக் கட்டணம்' தானாகச் சேர்க்கப்பட்டிருப்பின் நீக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அதனைத் தடுத்தது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இறைச்சி ஹலாலா என்று சமையற்கூடத்தில் விசாரிக்கக் கூச்சம் வேண்டாம். அறையில் கிப்லாவின் குறி இல்லையெனில் கவலையும் வேண்டாம். திருச்சியிலிருந்து அது நேர் மேற்கன்று, மேற்கிலிருந்து ஏறத்தாழ 21 பாகை வடக்கே சாய்ந்தது.

காவிரியைக் கடந்தால் ஸ்ரீரங்கம். சைவ உணவகங்கள் மிகுந்த ஊராதலின், இறைச்சியைப் பற்றிய ஐயம் அங்கே எழாது. ஆயினும் மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு இலட்சக்கணக்கானோர் கூடுவர். சிங்கப்பூர், மலேசிய உறவினர்கள் ஆண்டிறுதி விடுமுறையில் வருவதும் ஏறக்குறைய அப்போதுதான். ஆற்றின் இரு கரைகளிலும் அறை கிடைப்பது அரிது. முன்கூட்டியே பதிவு செய்வதே நலம்.

கேட்கும்போது குரல் உயர வேண்டியதில்லை. அறையைத் துப்புரவு செய்யும் தொழிலாளியும் யாரோ ஒரு தாயின் பிள்ளையே. விருந்து மேசையில் வேண்டியதை மட்டும் எடுப்போம். அறையை அலங்கோலமாக்காமல் விட்டு வருவோம். ஆனால் கணக்கை மட்டும் கேட்காமல் விடவேண்டாம். அந்த ரசீதுக்குப் போவது, பாலை வெயிலில் நம் பிள்ளை சிந்திய வியர்வையன்றோ!