கேம் கடையில் "உங்களுக்காக" என்று இருக்கும் வரிசை யாருக்காக?

1/ உங்க போன்ல கேம் இறக்குற கடையைத் திறந்து பாருங்க. "உங்களுக்காக" என்று ஒரு வரிசை இருக்கும். என் போனில் இன்னிக்கு அதில் இருப்பவை: மணப்பெண் அலங்காரம், டிராக்டர் ஓட்டுவது, துப்பாக்கிச் சண்டை, ஒரு சீட்டாட்டம். நான் ஆடுறது செஸ், சுடோகு. அவ்வளவுதான். கொஞ்சம் நீளமான திரெட், பொறுமையா படிங்க.

2/ இதை ரொம்ப நாளா சிரிச்சுட்டே தள்ளிவிட்டுட்டு இருந்தேன். ஒரு நோயாளியைப் பார்த்த பிறகு சிரிப்பு வரல. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை செய்பவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கேன்). தூக்கம் இல்ல, பிரஷர் ஏறுதுன்னு வந்தார். பேசப் பேசத்தான் ஆன்லைன் ரம்மி வெளியே வந்தது. சம்பளம், வீட்டம்மா நகை, பிள்ளை ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அதில் போயிருந்தது.

3/ 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பெரிய ரம்மி நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. இவரும் செயலியை அழிச்சுட்டார். கொஞ்ச நாள் நல்லா தூங்கினார்.

4/ அப்புறம் ஒருநாள் பையனுக்கு கணக்கு விளையாட்டு இறக்கித் தரலாம்னு கடையைத் திறந்திருக்கார். முதல் வரிசையிலேயே ஃப்ரீ ரம்மி, ஃப்ரீ தீன் பத்தி. ஜெயிச்சா காசு கிடையாது, வெறும் சிப்ஸ். ஆனா அதே பச்சை மேசை, அதே சீட்டு விழுற சத்தம். என்னிடம் சொன்னார்: "சார், நான் அதை விட்டுட்டேன். அது என்னை விட மாட்டேங்குது."

5/ இதை மன பலவீனம்னு நினைச்சுடாதீங்க. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சூதாட்டக் கோளாறு, விளையாட்டுக் கோளாறு இரண்டும் அதில் இருக்கு. பழக்கத்தை விட்டவருக்குப் பழைய படமோ சத்தமோ பட்டாலே ஆசை கிளம்பும். குடியை விட்டவங்க டாஸ்மாக் இருக்கிற தெருவைத் தவிர்த்து சுத்து வழியா வீட்டுக்குப் போவாங்க. போனில் அந்தச் சுத்து வழி எங்க இருக்கு?

6/ சரி, கடை ஏன் இப்படிச் செய்யுது? முதல் காரணம், அதுக்கு உங்களைத் தெரியாது. உங்க விரல் எங்க பட்டதுன்னுதான் தெரியும். நீங்க இறக்கினதை இறக்கின மத்தவங்க வேற எதை இறக்கினாங்களோ, அதை உங்க முன்னாடி வைக்கும். ரம்மியை இறக்கினீங்கன்னு அதுக்குத் தெரியும். ஏன் அழிச்சீங்கன்னு அது ஒருநாளும் கேட்டதில்ல.

7/ இரண்டாவது காரணம் நம்ம வீடு. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு வீட்டில் அம்மா போன்தான் மாலையில் பிள்ளை போன், ராத்திரி அப்பா போன். மூணு பேரையும் ஒரே ஆளாக நினைச்சு அது கணக்கு போடுது. என் மணப்பெண் அலங்காரம் எங்கிருந்து வந்ததுன்னு இப்போ புரியுதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பொண்ணு கையில் போனைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

8/ மூணாவது காரணம்தான் முக்கியம். கடையில் சில இடங்கள் விற்கப்பட்டவை. பரிந்துரை மாதிரியே இருக்கும், ஓரத்தில் சின்ன எழுத்தில் விளம்பரம்னு போட்டிருக்கும். 2022 அக்டோபரில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் செயலிகளின் பக்கங்களுக்குள்ளேயே விளம்பரம் போட ஆரம்பிச்சது. சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீள உதவும் செயலியின் பக்கத்திலேயே சூதாட்ட விளம்பரம் வந்தது! செயலி உருவாக்குபவர்கள் கொதிச்சாங்க. சில நாட்களிலேயே அந்தப் பக்கங்களில் சூதாட்ட விளம்பரத்தை ஆப்பிள் நிறுத்தி வைத்தது. கேட்டா நிறுத்துவாங்க என்பதற்கு இதுவே சாட்சி.

9/ எங்க தொழிலையே எடுத்துக்குங்க. மருந்து கம்பெனியிடம் டாக்டர் பரிசு வாங்கக் கூடாதுன்னு 2009-லேயே மருத்துவ கவுன்சில் விதி போட்டது. ஏன்? நான் எழுதுற சீட்டு உங்க உடம்புக்காகவா, கம்பெனிக்காகவா என்ற சந்தேகம் உங்களுக்கு வரவே கூடாது. "உங்களுக்காக" என்று ஒரு கடை எழுதினால் அதே கேள்வியை அதனிடமும் கேட்கலாம்.

10/ சட்டம் என்ன சொல்லுது? தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் பண ஆட்டங்களுக்கு இரவு 12 முதல் காலை 5 வரை தடை போட்டது. சென்னை உயர்நீதிமன்றம் ஜூனில் அது செல்லும் என்றது. நல்ல விஷயம். ஆனா நம்ம பேச்சு முழுக்க ஆட்டத்தைப் பற்றியே. அதை நம் முன் நீட்டும் அலமாரியைப் பற்றிப் பேசவே இல்லை.

11/ ஐரோப்பாவில் கூகுள் பிளே, ஆப் ஸ்டோர் மாதிரி பெரிய கடைகள், ஆளை வேவு பார்க்காத ஒரு பரிந்துரை முறையையும் தரணும்னு சட்டமே இருக்கு. நம்ம 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்ந்து குறிவைக்கும் விளம்பரம் கூடாதுங்குது. பெரியவங்களுக்கும் பாதுகாப்பு வேணும் இல்லையா?

12/ பரிந்துரையே வேண்டாம்னு நான் சொல்லல. லட்சக்கணக்கான ஆட்டங்களில் நல்லதைத் தேடிப் பிடிக்க உதவி வேணும்தான். நான் கேட்பது ஒரே ஒரு பொத்தான்: "இந்த வகை எனக்கு இனி எப்பவும் வேண்டாம்." முடியாததில்ல. கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் கடையில் வேண்டாத வகைகளை நாமே குறித்து ஒதுக்கலாம். போன் கடைகளிலும் வரட்டும், முதலில் சீட்டுக்கும் சூதுக்கும்.

13/ அதுவரை நீங்க செய்யக் கூடியவை: ஐபோனில் செட்டிங்ஸில் உங்க கணக்குக்குள் போய் தனிப்பயன் பரிந்துரைகளை அணைக்கலாம். கூகுள் கணக்கின் விளம்பர மையத்தில் சூதாட்ட விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லலாம். பிள்ளைக்குத் தனிக் கணக்கு வையுங்க. பழக்கத்தை விட்டவர் வீட்டில் இருந்தா, கேம் தேவைப்படும்போது கடையை வேறொருவர் திறக்கட்டும்.

14/ என் நோயாளிக்கும் அதையேதான் செஞ்சோம். இப்போ பையனுக்கு கேம் இறக்குறது அவர் வீட்டம்மா. உங்க வீட்டில் யாராவது ஆட்டத்தில் மாட்டியிருந்தா, 14416-க்கு போன் பண்ணுங்க. அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். வெட்கப்பட ஒண்ணுமில்ல. சுகர், பிரஷர் மாதிரி இதுக்கும் சிகிச்சை இருக்கு.