வைத்தியத்துக்கு நாட்பார்த்தல்

எம்மவர் நாட்பார்ப்பதில் வல்லவர். வீட்டுக்கு நிலையம் எடுக்கவும், பிள்ளைக்கு ஏடு தொடக்கவும், புதுமனை புகவும் பஞ்சாங்கத்தைப் புரட்டி, இராகுகாலமும் கரிநாளும் விலக்கி நல்ல வேளை தேடுவர். நோயாளியை அழைத்துக்கொண்டு தமிழகத்துக்குப் புறப்படும்போதும் பயணத்துக்கு நாட்பார்க்கத் தவறார். ஆயின், அங்கே தாம் காணவேண்டிய வைத்தியர் எந்நாளில் நோயாளரைப் பார்ப்பார், எந்நாளிற் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருப்பார், எந்நாளில் ஊரிலேயே இரார் என்று கேட்டறிந்து செல்வோர் மிகச் சிலரே. இதனால் வீணாகும் பொருளும் காலமும் சிறிதல்ல. அப்பொருள் பலருக்கு ஈடு வைத்த நகையாலும் அறுதியாய் விற்ற காணியாலும் வந்தது என்பதை எண்ணும்போது, இதனைச் சிறு விடயம் என்று தள்ளிவிட எம்மால் இயலவில்லை.

மருந்துக்காகப் பாக்கு நீரிணையைக் கடத்தல் வியப்பன்று. ஒருகாலத்தில் வைத்தியமே இங்கிருந்து அங்கே சென்றது எனலாம். 1820 ஆம் ஆண்டிற் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி தொடங்கிய அமெரிக்கரான ஜோன் ஸ்கடர் 1836 இற் சென்னைக்குப் போனார். அவர் பேர்த்தி ஐடா ஸ்கடர் 1900 இல் வேலூரில் ஒரேயொரு கட்டிலுடன் தொடங்கிய மருந்தகமே, இன்று எம்மவர் பலர் நாடிச் செல்லும் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியாக வளர்ந்துள்ளது. 1954 இல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையமும், 1976 இல் வைத்தியர் வெங்கடசாமி மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் வைத்தியசாலையும், 1978 இல் வைத்தியர் பத்ரிநாத் சென்னையில் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் எம்மூர் அறியாத பெயர்களல்ல. 2022 டிசெம்பரிற் பலாலி – சென்னை விமானசேவை மீண்டும் தொடங்கியது. 2023 ஒக்டோபரிற் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கடல் கொந்தளிக்கும் காலத்தில் அது நிறுத்தப்பட்டதும் உண்டு. வழி குறுகியதனால் வைத்தியமும் குறுகிவிடும் என்று எம்மவர் நினைக்கின்றனர் போலும்.

பயணச்சீட்டு முதலில், வைத்தியர் பின்பு என்பதே பெரும்பாலும் நாம் காணும் வழக்கம். இது தலைகீழாக மாறவேண்டும் என்பதே எமது கருத்து. இங்குள்ள பரிசோதனை அறிக்கைகளை முதலில் வைத்தியசாலைக்கு அனுப்பி, எந்தப் பிரிவில் எந்த வைத்தியரைக் காணவேண்டும், உத்தேசமாக எத்தனை நாள் தங்கவேண்டும் என்று எழுத்தில் மறுமொழி பெறுதல் வேண்டும். சிகிச்சைக்கெனச் செல்வோர்க்கு வைத்திய விசாவே உரியது. அதற்கும் வைத்தியசாலையின் கடிதம் வேண்டும். துணைக்குச் செல்வோர் இருவர் வரை அதற்குரிய தனி விசாவைப் பெறலாம். இவையெல்லாம் கைக்கு வந்தபின்பே சீட்டு. சந்திப்புப் பதியும்போது பெயரிலும் கவனம் வேண்டும். எம்மவர் பெயரில் தந்தை பெயர் முன்னே நிற்பதும், முதலெழுத்தாகச் சுருங்குவதும், வீட்டுப்பெயர் வேறாக இருப்பதும் உண்டு. கடவுச்சீட்டில் ஒரு பெயரும் வைத்தியசாலைப் பதிவில் வேறொரு பெயருமாக நின்றால், திருத்துவதிலேயே ஒரு முற்பகல் போய்விடும்.

இனி, அங்கே சென்றபின் எதற்குப் பின் எது என்பதே பெரிய வினா. பேர்பெற்ற பெரிய வைத்தியரை முதல்நாளே கண்டுவிட வேண்டும் என்று பலர் துடிக்கின்றனர். அவரோ, பழைய அறிக்கைகளைப் பார்த்துப் புதிய பரிசோதனைகளை எழுதிக் கொடுத்து, முடிவுகளுடன் வருக என்பார். அடுத்த முறை அவர் நோயாளரைப் பார்க்கும் நாள் மூன்று நாள் கழித்து வரலாம். எவ்வெப் பரிசோதனைகள் வேண்டும் என்று முன்னரே கேட்டறிந்தால் அவற்றுட் சிலவற்றை இங்கேயே செய்துகொண்டு போகலாம். எஞ்சியவற்றை முதல் இரண்டு நாளில் முடித்துப் பெரியவரைப் பின்னர் காண்பதே சிக்கனம். வெறுவயிற்றிற் கொடுக்கவேண்டிய இரத்தத்தை அதிகாலையிற் கொடுக்கலாம். சாயமருந்து ஏற்றிச் செய்யும் சீ.ரி. ஸ்கானுக்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் முடிவைக் கேட்பது வழக்கம். ஆகவே இரத்தம் முந்தும், ஸ்கான் பிந்தும். கண்பாவையை விரிக்கும் துளிமருந்து இட்டால் சில மணிநேரம் பார்வை மங்கி நிற்கும். அன்று பிற்பகலில் வேறொரு வைத்தியசாலையிற் படிவம் நிரப்ப நேரங் குறித்தல் அறிவுடைமையன்று. தசைத்துண்டு எடுத்துச் சோதிக்கும் பயொப்சியின் முடிவு வரச் சில நாள் செல்லும். இங்கே ஏற்கெனவே அது செய்யப்பட்டிருந்தால் அறிக்கையை மட்டுமன்றி, கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிச் செல்வது நன்று. அங்குள்ளோர் அவற்றையே மீண்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர், அதனை நிறுத்தவேண்டுமா, எப்போது நிறுத்தவேண்டும் என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேளாவிடின், சத்திரசிகிச்சைக்குக் குறித்த நாளே தள்ளிப்போகும்.

எல்லாவற்றையும் நெருக்கி அடைப்பதே சிக்கனம் என்று கொள்வாரும் உளர். எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தினர் நகரின் இரு கோடியிலுள்ள இரு வைத்தியசாலைகளில் ஒரே நாளில் மூன்று வைத்தியர்க்கு நேரம் எடுத்தனர். முதலிடத்திற் பணங்கட்டும் வரிசையிலேயே நண்பகலாகிவிட, மற்றைய இருவரும் கைநழுவினர். நோயுற்ற உடம்பு பள்ளிக்கூட நேரசூசிக்கு அடங்குவதன்று (நேரசூசி போட்டுப் பழகிய எமக்கே இது தெரியும்). ஒரு நாளைக்கு ஒரு வைத்தியர். ஐந்து நாட் காரியத்துக்கு ஏழு நாள். அவ்விரண்டு நாள் வெறுமையாக நிற்கட்டும். ஒரு பரிசோதனையை மீண்டும் செய்யச் சொன்னால் அந்த வெற்றுநாளே காப்பாற்றும். எமது போயா தினம் அங்கே விடுமுறையன்று. அவர்களது குடியரசு தினமும் காந்தி ஜயந்தியும் இங்கே விடுமுறையல்ல. ஆசிரியர்கள் பாடசாலை விடுமுறை பார்த்து ஓகஸ்டிற் புறப்படுவர். 15 ஆந் திகதி அங்கே சுதந்திர தினம் என்பதை மறப்பர். பொங்கற் காலமோ தொடர் விடுமுறை.

திரும்பும் நாளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அதுவே மிகக் கேடு விளைக்கக்கூடியது. விழித்திரைச் சத்திரசிகிச்சையிற் சிலருக்குக் கண்ணினுள் வாயு நிரப்புவர். அவ்வாயு கரைந்து போகும்வரை விமானம் ஏறலாகாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணை அழுத்தும், பார்வையே போகவுங் கூடும். அதற்கு வாரக்கணக்காகும். மலிவாகக் கிடைத்ததென்று மாற்றமுடியாத சீட்டை வாங்கியவர் அவ்வேளையில் என் செய்வார்? திகதி மாற்றக்கூடிய சீட்டைச் சற்று விலைகொடுத்தும் வாங்குக. சத்திரசிகிச்சைக்குப் பின் கடைசியாக வைத்தியர் பார்க்கும் நாள் எது என்று முதலிலே கேட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி மற்ற நாட்களைக் குறிப்பதே சரியான கணக்கு.

இவ்வளவுக்கும் முன்னே கேட்கவேண்டியது, போகத்தான் வேண்டுமா என்பது. கதிர்ச்சிகிச்சை வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரம் நடப்பதுண்டு. அத்தனை நாளும் அறை வாடகையும் உணவும் துணைவரின் சம்பளமற்ற லீவும் சேர்ந்து சிகிச்சைச் செலவையே விஞ்சக் கூடும். மகரகமையிலும் தெல்லிப்பழையிலும் புற்றுநோய் வைத்தியசாலைகள் உள்ளன. அங்கே போய் ஆலோசனை பெற்று, எஞ்சியதை இங்கே செய்தல் ஆகுமா என்று இரு பக்கத்து வைத்தியரையும் கேட்பதில் இழிவில்லை.

இதனைத் தரகர் பார்த்துக்கொள்வார் என்று சிலர் கூறுவர். தரகரிற் பலர் தமக்குத் தரகு கொடுக்கும் இடத்தையே காட்டுவர். ஜூபிலி கொண்டாடும் பழைய மாணவர் சங்கத்தினர் இப்பணியை ஏற்றால் என்ன? எம் பழைய மாணவருள் வைத்தியர் உளர். சென்னையில் வாழ்வோரும் உளர். ஆங்கிலத்திற் கடிதம் எழுத அஞ்சி நாட்கடத்தும் பெற்றோர் எமது மாணவரின் வீடுகளிலேயே இருக்கின்றனர். சங்கத்து வைத்தியர் ஒருவர் மேற்பார்க்க, மேல்வகுப்பு மாணவர் எழுதக்கூடியது ஒரு தாள் மட்டுமே. கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரும் வயதும், நோய் தொடங்கிய காலம், இதுவரை செய்த பரிசோதனைகளும் அவற்றின் திகதிகளும், உண்ணும் மருந்துகளும் அளவும், ஒவ்வாத மருந்து, செய்த சத்திரசிகிச்சைகள், கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. அத்தாளின் பிரதிகள் நான்கு பயணப்பையில் இருத்தல் வேண்டும். ஒன்று வீட்டில் நிற்போரிடம் இருக்கட்டும்.