தீயைத் தாங்கும் தோலும் வங்கிக் கடனும்

தோல் எளிதில் தீப்பற்றாது என்பது பொதுவான நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. கொலாஜன் என்னும் புரதத்தாலான தோல், செயற்கை இழையைப் போல உருகிச் சொட்டுவதில்லை. நெருப்புப் பட்டால் சுருங்கிக் கரியாகிறது. ஆனால் கடையில் நாம் வாங்குவது வெறும் தோலன்று. மென்மைக்காக ஊட்டப்படும் எண்ணெயும், பளபளப்புக்காகப் பூசப்படும் நைட்ரோசெல்லுலோஸ், பாலியூரித்தேன் போன்ற மேற்பூச்சுகளும் எரியக்கூடியவை. அழகுக்காகக் காப்பைக் குறைத்துவிடுகிறோம். கைப்பையில் இது பெரிதன்று. வெல்டிங் தொழிலாளியின் கையுறையிலும் ரயில் இருக்கையிலும் உயிர்ப் பிரச்சினை.

இதற்குக் கனிமங்கள் கைகொடுக்கின்றன. அலுமினியம் ஹைட்ராக்சைடு ஏறத்தாழ 200 பாகை செல்சியஸிலும், மக்னீசியம் ஹைட்ராக்சைடு 300 பாகைக்கு மேலும் சிதைந்து, தம் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நீராவியாக வெளிவிடுகின்றன. அம்மாற்றமே வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பெண்டோனைட் களிமண்ணின் நுண்ணிய தகடுகளோ கரியோடு சேர்ந்து, காற்று உட்புகாமலும் எரிவாயு வெளியேறாமலும் தடுக்கின்றன. புரோமின் கலந்த தீத்தடுப்பிகளைப் போல இவை அமிலப் புகையைக் கக்குவதில்லை. மூலப்பொருளுக்கும் குறைவில்லை: கட்ச் பகுதியில் பெண்டோனைட் கிடைக்கிறது, சேலத்து வெள்ளைக்கல் மக்னீசியத்தின் தாது.

எனினும் பொடியை டிரம்மில் கொட்டிச் சுழற்றினால் வேலை முடிந்துவிடாது. அளவு மிகுந்தால் தோல் விறைத்துத் தையலில் கிழியும். துகள் பருமனாக இருந்தால் இழைகளுக்குள் நுழையாமல் மேலே வெண்பொடியாகப் படியும். மக்னீசியம் ஹைட்ராக்சைடு காரத்தன்மை உடையது. தோல் பதனிடும் குளியலோ பெரும்பாலும் அமிலம். ஆகவே ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்குரிய விகிதத்தைப் பலமுறை முயன்றே கண்டறிய வேண்டும். அதற்குள் நல்ல தோல்கள் சில வீணாகும்.

இங்குதான் வங்கியாளர்களாகிய நாம் தயங்குகிறோம். வாணியம்பாடியிலோ கான்பூரிலோ ஒரு சிறுதொழில் முனைவோர் புதிய டிரம் வாங்கக் காலக் கடன் கேட்டால் இயந்திரமே ஈடாகிறது. முயற்சியில் வீணாகும் தோலுக்கும் சோதனைக் கட்டணத்திற்கும் ஈடு ஏது? அதனால் அச்செலவைத் திட்ட மதிப்பீட்டிலிருந்து நீக்கச் சொல்கிறோம். இது குறுகிய பார்வை என்பது என் கருத்து. அச்செலவு இல்லாவிடில் புதிய டிரம்மும் பழைய சரக்கையே தரும்.

மாறாக வங்கி கேட்க வேண்டியது சோதனை அறிக்கையை. வணிகவியல் பட்டதாரியான எனக்கு வேதியியல் அந்நியம். ஆனால் அவ்வறிக்கை ஐந்தொகையைவிட எளிது. சுடரை நீக்கிய பின் எத்தனை விநாடி எரிந்தது? எவ்வளவு நீளம் கருகியது? மிக முக்கியமாக, சோதித்தது மேற்பூச்சு முடிந்த தோலையா? பூச்சுக்கு முன் எடுத்த அறிக்கையை நான் ஏற்கமாட்டேன். விற்கப்படும் பொருள் அதுவன்று.

இத்துறையிலுள்ள வாடிக்கையாளர்கள் சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களை முன்கூட்டியே அணுகி, முயற்சிக்கும் சோதனைக்கும் ஆகும் செலவைக் கடன் விண்ணப்பத்தில் தனி இனமாகவே காட்டலாம்.