புதியவர் இருவர்

சென்ற வாரம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று கவிதையுமன்று, கட்டுரையுமன்று, நூல் மதிப்புரையுமன்று. வவுனியாப் பகுதியிலிருந்து இடமாற்றம் பெற்றுக் கொழும்பிலுள்ள ஒரு பாடசாலைக்கு அண்மையில் வந்து சேர்ந்த ஆசிரியை ஒருவர் அதை எழுதியிருந்தார். வந்து மூன்று கிழமைகள் ஆகின்றனவாம். பாடசாலை பிடித்திருக்கிறதாம்; பிள்ளைகளும் பிடித்துப்போயிற்றாம். ஆனால் பாடசாலை விட்ட பின்னர் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லையாம். நல்ல இடியப்பமும் சொதியும் எங்கே கிடைக்கும்? தனியே வாழும் பெண்ணொருத்தி அச்சமின்றித் தங்குவதற்கு ஏற்ற அறையை எப்படித் தேடுவது? கிழிந்த சட்டையை ஒழுங்காகத் தைத்துத் தருபவர் யார்? ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்கே கழிப்பது? இவ்வாறு வினாக்களை அடுக்கிவிட்டு, இலக்கியப் பக்கத்தின் ஆசிரியரிடம் இவற்றைக் கேட்பது முறையோ முறையல்லவோ என்ற ஐயத்துடன் கடிதத்தை முடித்திருந்தார்.

முறைதான் என்பேன். இது இலக்கியப் பக்கத்துக்கே உரிய வினா என்றும் சொல்வேன். விருந்து என்று நாம் வழங்கும் சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியர் செய்யுளின் எட்டு வனப்புகளை எண்ணும்போது, புதிதாக இயற்றப்படுவதை விருந்து என்றே குறித்தார். புதிதாக வந்த மனிதருக்கும் அதுவே பெயராயிற்று. வள்ளுவரும் இல்லறத்தான் பேண வேண்டியோரை எண்ணுமிடத்தில் விருந்தையும் சுற்றத்தையும் வேறு வேறாகவே வைத்தார். ஆகவே மைத்துனருக்கும் மருமகனுக்கும் இலை போடுவது சுற்றம் ஓம்பல். முன்பின் அறியாத ஒருவருக்கு வழிகாட்டுவதே விருந்தோம்பல். அந்த ஆசிரியை தம்மை அறியாமலே நம்மை ஒரு பழஞ்சொல்லின் பொருளுக்கு முன் நிறுத்திவிட்டார்.

நானும் ஒரு காலத்தில் இந்நகருக்கு விருந்தாக வந்தவனே. 1974ஆம் ஆண்டு, எழுதுவினைஞன் வேலைக்கான நியமனக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யாழ்தேவியில் வந்து கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கினேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் எனக்கு இடம் கிடைத்தது. ஓர் அறை, அதில் நால்வர். என் பங்கு ஒரு கட்டிலும் அதன் கீழே ஒரு தகரப் பெட்டி வைக்கும் இடமும். முதற் கிழமை முழுவதும் வேலை விட்டதும் அறைக்குத் திரும்பிக் கட்டிலில் அமர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும், கொழும்பு மிக அழகான நகரம் என்று எழுதினேன்.

அறையில் மூத்தவராக இருந்தவர் இதைக் கவனித்திருக்க வேண்டும். சனிக்கிழமை பிற்பகல், “தம்பி, சட்டையைப் போட்டுக்கொண்டு வாரும். முதலிலை வயிறு, பிறகு ஊர்” என்று அழைத்தார். அன்று அவர் எனக்குக் காட்டியவை ஐந்தே ஐந்து. முதலாவது, ஒரு சைவக் கடை. அங்கே சொதியைக் கேட்டு வாங்கினால் இரண்டாம் முறையும் ஊற்றுவார்கள் என்பதையும் சொல்லித் தந்தார். இரண்டாவது, துணி வெளுக்கும் கடை. மூன்றாவது, அம்மாவுக்குக் காசுக்கட்டளை அனுப்புவதற்குரிய தபாற்கந்தோர். எந்த நாளில், எந்த நேரத்தில் போனால் வரிசை குறைவாயிருக்கும் என்பதும் அதனோடு சேர்த்தி. நான்காவது, கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் வாசிகசாலை. 1942ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அச்சங்கத்தில், யாரும் என்னை யாரென்று கேளாமலே நான் ஒரு நாற்காலியில் அமர்ந்து பத்திரிகை வாசிக்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. ஐந்தாவது, ஒழுங்கையின் முடிவில் புகையிரதப் பாதையைக் கடந்தால் வரும் கடல். கற்பாறை ஒன்றில் அமர்ந்து, “இதுக்குக் காசில்லை” என்றார் அவர். அன்றிரவுதான் நான் கொழும்பில் முதன்முறையாக நன்றாக உறங்கினேன்.

இரண்டு வாரங்களின் பின் அவரே என்னைக் கொட்டாஞ்சேனைக்கு அழைத்துச் சென்றார். கொச்சிக்கடையில் கருங்கல்லால் எழுப்பப்பட்ட பொன்னம்பலவாணேசர் கோயிலையும், அதற்குச் சற்றுத் தொலைவில் செவ்வாய்க்கிழமைதோறும் எல்லாச் சமயத்தாரும் மெழுகுவர்த்தியோடு கூடும் அந்தோனியார் கோயிலையும், ஜம்பட்டா வீதியின் நெருக்கத்தையும் அன்று கண்டேன். கண்டதைவிடக் கேட்டதே என்னை மாற்றியது. மலையகத்துத் தமிழ், தமிழகத்து வணிகர் தமிழ், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் கத்தோலிக்கர் தமிழ் என்று எத்தனையோ தமிழ்கள் ஒரே தெருவில் உரையாடிக்கொண்டிருந்தன. என் ஊர்ப் பேச்சே தமிழ் என்று எண்ணியிருந்த சிறுமை அத்தெருவில் உடைந்தது. வெள்ளவத்தை எனக்கு ஊரை நினைவூட்டியது. கொட்டாஞ்சேனையோ என் ஊருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று காட்டியது. புதிதாக வருபவருக்கு இரண்டும் வேண்டும்.

எங்கள் ஒழுங்கை முகப்பில் சிங்களவர் ஒருவர் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தார். மாத முடிவில் பணம் கொடுக்கும் வழக்கத்தில் என் பெயரையும் தம் கொப்பியில் எழுதிக்கொண்டார். சிங்கள எழுத்தில் நான் முதன்முதலாக வாசிக்கக் கற்றது அக்கொப்பியிலிருந்த என் சொந்தப் பெயரைத்தான். அவரிடம் விலை கேட்கவும், நாளை தருகிறேன் என்று சொல்லவும், நன்றி கூறவும் கற்றேன். அவர் என்னிடம் நாலைந்து தமிழ்ச் சொற்களைக் கற்றார். அரசியல் மேடைகளில் மொழி குறித்து எழுந்த முழக்கங்களுக்கு நடுவே, அரை இறாத்தல் சீனியின் பொருட்டு இரு மொழிகள் இவ்வாறு நாள்தோறும் சந்தித்துக்கொண்டிருந்தன.

இவையெல்லாம் இனிய நினைவுகள். ஆனால் இனிமையோடு நிறுத்திக்கொள்பவன் உண்மை பேசுபவன் ஆகான். 1983 யூலையில் அந்தச் சைவக் கடை எரிந்தது. நாங்கள் அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குச் சென்றோம். இரண்டு ஆண்டுகள் கழித்து நான் திரும்பியபோது பலசரக்குக் கடைக்காரர் பழைய கொப்பியைத் திறக்கவேயில்லை. கடனை நானே நினைவூட்டிக் கொடுத்தேன். 1990ஆம் ஆண்டு யாழ்தேவி யாழ்ப்பாணம் செல்வது நின்றது. மீண்டும் சென்றது 2014இல். இடைப்பட்ட காலத்தில் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்தவர்கள் விடுதி அறைகளில், பொலிஸ் பதிவுத் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். 2007 யூன் 7ஆம் நாள் அதிகாலையில் அத்தகைய விடுதிகளிலிருந்து முன்னூறுக்கும் மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றி நகருக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நல்ல இடியப்பம் எங்கே என்று கவலையின்றிக் கேட்க முடிவதும் ஒரு பேறு என்பதை இந்நகரின் தமிழர் அறிவர்.

இன்று நிலைமை வேறு. வாடகை அறைகளின் பட்டியல் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது. உணவும் கதவடிக்கு வந்து சேர்கிறது. அப்படியிருந்தும் அந்த ஆசிரியை ஏன் எனக்கு எழுதினார்? பட்டியல் இடத்தைச் சொல்லும், கூட வராது. நால்வர் தங்கிய அறைகள் போய்த் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. அங்கே அடுத்த கதவில் இருப்பவர் பெயரை அறிய மின்தூக்கி பழுதாக வேண்டியிருக்கிறது. “சட்டையைப் போட்டுக்கொண்டு வாரும்” என்று சொல்ல ஒருவர் இல்லை.

அவருக்குப் பொறுப்பாக மறுமொழி எழுத வேண்டுமென்று, சென்ற வியாழன் இரவு, வெள்ளவத்தையில் ஒரு கடைக்கு இடியப்பத்தைச் சோதிக்கப் போனேன். குறை சொல்வதற்கில்லை. பரிமாறிய இளைஞருக்கு வயது பத்தொன்பது இருக்கும். ஊர் மஸ்கெலியாப் பக்கமாம். வந்து எட்டு மாதமாம். கூட்டம் குறைந்த வேளையில், “தம்பி, கடற்கரைப் பக்கம் போவதுண்டா?” என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“சத்தம் மட்டும் கேட்டிருக்கேனுங்க ஐயா. ராத்திரி படுக்கிறப்போ ரயில் சத்தத்தோட சேர்ந்து வரும்” என்றார்.

“பார்த்ததேயில்லையா?”

“கடை சாத்திக் கழுவி முடிக்க பதினொரு மணி ஆயிடுதுங்க. எப்பவாச்சும் லீவு கெடச்சா அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிடுவேன்.”

கடைக்கும் கடலுக்கும் இடையே முன்னூறு அடி எடுத்து வைத்தால் போதும். எட்டு மாதங்களில் அந்த முன்னூறு அடி அவருக்கு வாய்க்கவில்லை. இலையிலிருந்த மிச்சத்தை உண்ண எனக்கு மனம் வரவில்லை. இத்தனை ஆண்டுகளாக இந்நகரின் சிறு இன்பங்களைப் பற்றிப் பேசியும் எழுதியும் வந்திருக்கிறேன். 1974இல் எனக்கு இரண்டாம் முறை சொதி ஊற்றியவர் யார், அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர், அவருக்கு யார் கடலைக் காட்டினார் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

புதியவர் ஒருவர் எழுதினார். புதியவர் இன்னொருவர் எழுதவில்லை. வேறுபாடு அவ்வளவே. ஒருவர் நாடும் இன்பமும் வசதியும் மற்றவரின் உழைப்பிலிருந்து வருகின்றன. கடை, அலுவலக ஊழியருக்கான சட்டம் இந்நாட்டில் 1954ஆம் ஆண்டே இயற்றப்பட்டது. நாளுக்கு எட்டு மணி நேர வேலையையும் வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறையையும் அது வகுத்திருக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஓய்வு கடைக்குள் வரவில்லை. மொழியின் கதையும் இதுதான். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆனாலும் விண்ணப்பப் படிவத்தோடு கருமபீடத்தின் முன் நிற்கும் புதியவர் அந்த உரிமையைத் தனியே நின்று கேட்கத் தயங்குகிறார். பக்கத்தில் ஒருவர் நின்றால் கேட்பார்.

ஆதலின் நம் இலக்கிய வட்டத்து அன்பர்களிடம் சில சொல்ல விரும்புகிறேன். ஞாயிறு மாலைகளில் கூட்டம் கூட்டுகிறோம். நாற்காலிகள் வெறுமையாக இருக்கின்றன என்று வருந்துகிறோம். இந்நகருக்குப் புதிதாக வந்த ஒருவரையேனும் நாம் நேரிற் சென்று அழைத்ததுண்டா? ஒவ்வொரு வட்டத்திலும் இருவர் மூவர் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, புதிதாக வந்த ஆசிரியரையோ மாணவரையோ கடை ஊழியரையோ அழைத்துச் சென்று ஐந்து இடங்களைக் காட்டட்டும். படிவம் நிரப்பவும், கந்தோருக்குத் துணை போகவும் நம்மிடையே ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் பலர் இருக்கிறார்கள். கடை நடத்தும் வாசகர்கள் சட்டம் தந்த விடுமுறையை மனமுவந்து கொடுக்கட்டும். உண்பவர்களாகிய நாமும், ஒரு பிற்பகல் கதவு சாத்தியிருந்தால் முகஞ்சுளிக்காமல் வீட்டில் சமைத்துக்கொள்வோம்.

இனி, கடிதம் எழுதிய ஆசிரியைக்கு. இடியப்பத்துக்குரிய கடையின் முகவரியைத் தனிக் கடிதத்தில் அனுப்பியிருக்கிறேன். அறை தேடுவதற்கு, உங்கள் பாடசாலையில் நெடுநாள் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரைத் துணைக்கு அழையுங்கள்; வாடகைக்கு முற்பணம் கொடுக்குமுன் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் ஒழுங்கையில் நடந்து பாருங்கள். தையற்காரரை என் மனைவி நன்கறிவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் கூடவே வருவார். வெள்ளவத்தையில் 57ஆம் ஒழுங்கையிலுள்ள தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தைப் பாருங்கள். ஒருநாள் காலி வீதியில் 155ஆம் இலக்கப் பேருந்தேறிக் கொட்டாஞ்சேனைக்கும் போய் வாருங்கள்.

ஞாயிறு மாலைக்கு வழி கேட்டீர்கள். நாங்கள் சிலர் கடற்கரையில் கூடுகிறோம், வாருங்கள். அந்த மஸ்கெலியா இளைஞரையும் அனுப்பும்படி கடை முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். “ஒரு ஞாயிறு பார்ப்போம்” என்றார். அந்த ஞாயிறு எது என்று இவ்வாரமும் போய்க் கேட்பேன்.