ஓடுவதாகச் சொல்பவர்களும் ஓடுபவர்களும்

வாடிக்கையாளரிடமே கேட்டுவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை, உடற்பயிற்சிச் செயலிகளை நடத்தும் நிறுவனங்களில் இன்று மறுகேள்விக்கு இடமில்லாததாக நிலைபெற்றுவிட்டது. விளம்பரத்தில் எடைக் குறைப்பை முன்னிறுத்துவதா மன அமைதியை முன்னிறுத்துவதா, மாதச் சந்தாவை வலியுறுத்துவதா ஆண்டுச் சந்தாவையா, நினைவூட்டலை விடியற்காலையில் அனுப்புவதா இரவிலா என்பன போன்ற முடிவுகள், பத்துப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலுக்குச் சில ஆயிரம் பேர் அளித்த விடைகளைக் கூட்டிக் கழித்து எடுக்கப்படுகின்றன. அந்த விடைகள் சதவீதங்களாகவும் வண்ணப்படங்களாகவும் மாறியவுடன், அவற்றை மறுப்பது வாடிக்கையாளரையே மறுப்பதாகக் கருதப்படுகிறது. எந்தப் பண்டத்தைப் பற்றிய கருத்துக்கணிப்பிலும் ஓரளவு பிழை உண்டு என்பது அறிந்ததே. ஆனால் உடற்பயிற்சியைப் பொறுத்தவரை அது ஓரளவு பிழை அன்று, அடிப்படையிலேயே பிழை. சோப்பைப் பற்றிக் கேட்கும்போது மனிதர் சோப்பைப் பற்றிப் பேசுகிறார். உடற்பயிற்சியைப் பற்றிக் கேட்கும்போது, தாம் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று விரும்புகிறாரோ அந்த மனிதரைப் பற்றிப் பேசுகிறார்.

இது ஊகம் அன்று, அளந்து பார்க்கப்பட்ட உண்மை. அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வில் 2003-04ஆம் ஆண்டுகளில் பங்கேற்றவர்கள், உடலின் அசைவைப் பதிவுசெய்யும் முடுக்கமானி என்னும் சிறு கருவியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு வாரம் நடமாடினார்கள். பரிந்துரைக்கப்பட்ட அளவு உடலுழைப்பைத் தாங்கள் மேற்கொள்வதாக வாய்மொழியில் சொல்லும் அமெரிக்கர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர். 2008இல் வெளியான கருவிக் கணக்கின்படி அந்த அளவை எட்டிய வயதுவந்தோர் 5 சதவீதத்துக்கும் குறைவு. இடுப்பில் கட்டிய கருவி நீச்சலைப் பதிவுசெய்யாது, மிதிவண்டி ஓட்டுவதைச் சரியாகக் கணிக்காது என்ற குறைகளைக் கழித்த பிறகும், பாதிக்கும் இருபதில் ஒன்றுக்கும் இடையிலான பள்ளம் நிரம்புவதில்லை. இந்தியாவின் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று 2024இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு பலரைக் கவலைகொள்ளச் செய்தது. அந்த மதிப்பீடும் மக்கள் தம்மைப் பற்றித் தாமே சொன்ன விடைகளின் மேல்தான் கட்டப்பட்டது என்பதை நினைத்தால், உண்மை நிலை அதனினும் மோசமாக இருக்கக்கூடும் என்ற அச்சம் எழுவது இயல்பு.

இவ்வாறு விடையளிப்பவர்களைப் பொய்யர்கள் என்று சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். கேட்பவர் மதிக்கும்படியான விடையை நோக்கி மனம் தன்னையறியாமலே சாய்வதைச் சமூக ஏற்புச் சார்பு என்று உளவியலார் அழைக்கின்றனர். பெயர் எழுதாத வினாத்தாளிலும் இந்தச் சாய்வு முழுதாக மறைவதில்லை, ஏனெனில் அங்கே விடையைக் கேட்டுக்கொண்டிருப்பவர் விடையளிப்பவரேதான். வழக்கமான ஒரு வாரத்தில் எத்தனை நாள் நடப்பீர்கள் என்று கேட்டால், நினைவு எடுத்துக் கொடுப்பது நடக்க முடிந்த நல்ல வாரத்தை. காய்ச்சல் வந்த வாரமும் ஊருக்குப் போன வாரமும் மழை பெய்த வாரமும் வழக்கத்துக்கு மாறானவை என்று கணக்கிலிருந்து விலக்கப்படுகின்றன. அப்படி விலக்கப்பட்ட வாரங்களைக் கூட்டினால் அவையே ஆண்டின் பெரும்பகுதியாகிவிடக்கூடும்.

கடந்த காலத்தைப் பற்றிய விடையே இப்படியென்றால், எதிர்காலத்தைப் பற்றிய விடை இன்னும் தொலைவில் நிற்கிறது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்னும் பொருளியலார் இருவர், அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களில் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை மூன்றாண்டுக் காலத்துக்கு ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரை, இந்தத் துறையில் முடிவெடுக்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டியது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டணம் செலுத்தியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் வந்தார்கள். அதாவது ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் செலவிட்டார்கள். பத்து வருகைகளுக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர் போதும் என்ற வாய்ப்பு அதே கூடத்தில், அதே மேசையில் அவர்களுக்குக் காத்திருந்தது. மாதத்துக்கு எத்தனை முறை வருவோம் என்று நினைக்கிறீர்கள் எனத் தனியே நடந்த ஒரு கணக்கெடுப்பில் உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களிடம் கேட்கப்பட்டபோது, அவர்கள் சொன்ன எண் உண்மையான வருகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது.

இந்த இடத்தில்தான் கருத்துக்கணிப்பு வெறும் அறியாமையாக இல்லாமல் தீங்காக மாறுகிறது. வாரம் நான்கு நாள் பயிற்சி செய்யப்போவதாக வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள் என்ற தரவைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம், ஆண்டுச் சந்தாவே அவர்களுக்கு உகந்தது என்று முடிவுசெய்து, புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் அதற்குத் தள்ளுபடி அறிவிக்கிறது. வாங்குபவரும் அன்றைக்கு உண்மையான மகிழ்ச்சியோடு வாங்கி, அடுத்த வினாப்பட்டியலில் உயர்ந்த மதிப்பெண்ணும் கொடுக்கிறார். மார்ச் மாதத்தில் அவர் செயலியைத் திறப்பதில்லை. கட்டிய பணம் அவருக்கு உதவவில்லை என்பதோடு, பணம் கட்டியும் செய்யவில்லையே என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. தன்னால் எதையும் தொடர முடியாது என்ற முடிவுக்கு ஒருவரைத் தள்ளிவிடுவது, உடல்நலத்தை விற்பதாகச் சொல்லும் ஒரு தொழில் செய்யக்கூடிய மிகப் பெரிய கேடு. நாளைய தன்னைப் பற்றி மனிதர் கொண்டுள்ள நல்லெண்ணத்தை வருவாயாக மாற்றிவிட்டு, அதற்கு வாடிக்கையாளரின் விருப்பம் என்று பெயரிடுவதை ஏற்க முடியாது.

யார் விடையளிக்கிறார்கள் என்ற கேள்வி இதனினும் எளியது, இதனினும் அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது. செயலிக்குள் தோன்றும் வினாப்பட்டியலைச் செயலியைத் திறப்பவர் மட்டுமே காண முடியும். இரண்டாம் உலகப் போரின்போது, திரும்பிவந்த குண்டுவீச்சு விமானங்களில் சேதம் எங்கெங்கே பட்டிருக்கிறது என்ற தரவை ஆராய்ந்த கணிதவியலாளர் ஆபிரகாம் வால்டு, திரும்பாத விமானங்களையும் கணக்கில் கொள்ளும் முறையை வகுத்தார். வந்து சேர்ந்தவற்றில் அடிபடாமல் இருக்கும் பகுதிதான், அடிபட்டால் விமானத்தை வீழ்த்திவிடும் பகுதியாக இருக்கக்கூடும். சந்தாவைக் கைவிட்டவர்களே திரும்பாத விமானங்கள். இந்தச் செயலியைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் கேட்கும் முறை, 2003இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் எழுதிய கட்டுரையால் உலகெங்கும் பரவியது. குறைகூறும் பயனர்கள் சலித்து வெளியேறிய பின், எஞ்சியவர்களை வைத்து அந்த மதிப்பெண் உயரக்கூடும்; செயலி தேய்ந்துகொண்டிருக்கும் காலத்திலேயே அதன் புகழ் வளர்வதாகப் படம் காட்டக்கூடும்.

எண்ணிக்கையைப் பெருக்கினால் இந்தக் குறை தீரும் என்று கருதுவோருக்கு 1936ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் தெளிவான விடை தந்துவிட்டது. லிட்டரரி டைஜஸ்ட் என்னும் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் அதிகமான விடைகளைப் பெற்று, ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ஆனால் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். அனுப்பப்பட்ட பட்டியலிலும் கோளாறு இருந்தது, விடையளிக்க முன்வந்தவர்களிலும் சாய்வு இருந்தது. இருபது லட்சம் என்ற எண் அந்தச் சாய்வைப் போக்கவில்லை, அதற்கு அதிகாரத்தை மட்டும் கொடுத்தது.

காரணம் கேட்பதிலும் பயன் குறைவு. ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமதி வில்சனும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், கடையொன்றில் ஒன்றுபோலவே இருந்த நான்கு இணைக் காலுறைகளை வரிசையாக வைத்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வலது ஓரத்தில் இருந்ததே மற்ற ஒவ்வொன்றையும்விட அதிகமானோரின் தேர்வாயிற்று. ஏன் என்று கேட்டபோது வைக்கப்பட்ட இடத்தை எவரும் தாமாகக் குறிப்பிடவில்லை. எந்த வசதிக்காக இந்தச் செயலிக்குச் சந்தா கட்டினீர்கள் என்ற கேள்விக்கும் இத்தகைய விடைகளே வந்து குவிகின்றன. அவற்றை வைத்து எழுதப்படும் விளம்பரம், கேட்கப்பட்ட பிறகு புனையப்பட்ட காரணங்களைத் திரும்பவும் மக்களிடமே விற்கிறது.

விடையைக் கேளாமல் செயலை நேராகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியாயிற்று. காத்தரின் மில்க்மன் தலைமையில், அமெரிக்க உடற்பயிற்சிக் கூட நிறுவனம் ஒன்றின் 61,293 உறுப்பினர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, நான்கு வார காலத்துக்கு 54 வகையான ஊக்கத் திட்டங்களை அவர்கள்மீது செயல்படுத்திப் பார்த்தார்கள். எது பலிக்கும் என்று முன்கூட்டியே கணிக்கக் கேட்கப்பட்டவர்களில் துறை வல்லுநர்களும் இருந்தனர். கணிப்புகளுக்கும் விளைவுகளுக்கும் பொருத்தம் இருக்கவில்லை. எல்லாவற்றிலும் முன்னே நின்றது, ஒரு நாள் பயிற்சியைத் தவறவிட்டவர் மீண்டும் வரும்போது அவருக்குச் சிறு வெகுமதி தரும் திட்டம். நான்கு வாரம் முடிந்த பின்னும் விளைவு நீடித்த திட்டங்கள் மிகச் சிலவே என்பதால், சோதனை முறையையும் மந்திரக்கோலாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் முன்னே நின்ற அந்தத் திட்டத்தின் வெற்றி கருத்துக்கணிப்பின் எல்லையைக் காட்டிவிடுகிறது: உங்களுக்கு எந்த வசதி வேண்டும் என்ற கேள்வியைப் படிப்பவர், ஒரு நாளும் தவறாத தன்னை மனத்தில் வைத்துக்கொண்டு விடையளிப்பதால், தவறிய பின் திரும்பிவர உதவி வேண்டும் என்று கேட்கும் வாய்ப்பு அவருக்கு அங்கே இல்லை.

பயன்பாட்டுப் பதிவுகள் என்ன நடந்தது என்று மட்டுமே காட்டும், ஏன் நடந்தது என்று காட்டா என்ற மறுப்பில் நியாயம் உண்டு. மக்களின் ஒவ்வோர் அசைவையும் பதிவுசெய்வதைவிட அவர்களைக் கேட்பது மதிப்பான செயல் என்ற வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆகவே கேள்வியே கூடாது என்பது இங்கே வாதம் அன்று. விருப்பத்தையும் எண்ணத்தையும் எதிர்காலத்தையும் பற்றிய கேள்விகளின் விடையைச் சந்தை முடிவுக்கு ஆதாரமாக்குவதே தவறு. ஒரு விளம்பர வாசகம் புரிகிறதா, பணம் செலுத்தும் பக்கத்தில் எந்தச் சொல் குழப்புகிறது என்பன போன்றவற்றை அறியச் சிலரைக் கேட்டாலே போதும்.

செயலியைக் கைவிட்டவர்களைத் தேடிச் சென்று, கடைசியாகப் பயிற்சி செய்தது எந்த நாள், அதற்கு மறுநாள் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பதற்குப் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் தேவையில்லை. பொறுமையாகக் கேட்கும் ஓர் ஆளும் ஒரு தொலைபேசியும் போதும். மகளுக்குத் தேர்வு தொடங்கிய வாரம், மாமியார் மருத்துவமனையில் இருந்த பத்து நாள், இரவுப் பணிக்கு மாற்றப்பட்டது, மாடிவீட்டில் குதித்துப் பயிற்சி செய்தால் கீழ்வீட்டார் வந்து முறையிடுவது, விடியுமுன் தெருநாய்களுக்கு அஞ்சி நடக்கப் போகாமல் நின்றது என்று விடைகள் வரக்கூடும். இவற்றைக் கொண்டு புத்தாண்டு விளம்பரம் எழுத முடியாது; பத்து நாள் கழித்து, மாமியார் மருத்துவமனையில் இருந்த அந்தப் பெண்ணுக்கு அனுப்ப வேண்டிய இரண்டு வரிச் செய்தியை எழுத முடியும்.