ஆன்டெனாவைப் பிடித்து நின்றவனையும் வரையுங்கள்

முதல் கட்டத்தை இலஞ்சியிலேயே வரையலாம். ஓட்டுக்கூரை மேல் ஒரு பையன் ஆன்டெனாக் குழாயைக் கட்டிப்பிடித்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால் குற்றால மலை, உச்சியில் சாரல் மேகம். முற்றத்திலிருந்து ஒரு பலூன்: "ஏல, கொசு மொய்க்கி. கொஞ்சம் வடக்க திருப்பு!" மேலிருந்து பதில்: "இப்பம்?" இரண்டாவது கட்டத்தில் சாலிடேர் பெட்டியின் இழுப்புக்கதவு திறந்திருக்கிறது. கொசு போய்விட்டது. ஆனால் திரையில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை நிற்கிறது. திண்ணை வரை நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை.

எண்பதுகளைக் கண்ட தென்மாவட்டத்துக்காரர் யாருக்கும் இந்த இரண்டு கட்டங்களுக்கு விளக்கவுரை வேண்டாம். இப்படி நாளுக்கு நான்கு கட்டமாக, தமிழர் வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்த கதையை ஒரு தமிழ் நாளிதழ் சித்திரத் தொடராக வெளியிட வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 2025-இல் அதற்கு ஐம்பது வயது நிறைந்தது. அன்றைக்குப் பிள்ளைகளாகப் பார்த்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு வரைய இதுதான் நேரம்.

பழைய காட்சிகளெல்லாம் கைபேசியிலேயே கிடைக்கின்றனவே, படம் எதற்கு என்று கேட்கலாம். எல்லாம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. ஒளிநாடா விலை கூடிய காலத்தில் பதிந்ததை அழித்துவிட்டு, அதே நாடாவில் அடுத்ததைப் பதிவது உலகெங்கும் இருந்த வழக்கம். நேரலையாகப் போனதில் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. பிபிசியே 1963-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளைத் தொலைத்துவிட்டது. ரசிகர்கள் வீட்டில் பதிந்து வைத்திருந்த ஒலி மட்டும் மிஞ்சியது. பிற்பாடு அந்த ஒலிக்கு ஏற்ப ஓவியர்களை வைத்துப் படம் வரைந்துதான் சில பகுதிகளுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள்.

நம் நாட்டுக் கதை ஒன்று இதைவிட அழுத்தமானது. 1983 ஜூன் 18, இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானம். ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 எடுத்தார். அந்த ஆட்டத்துக்குக் காணொளி கிடையாது. இந்தியக் கிரிக்கெட்டின் திசையையே மாற்றிய ஒரு நாளை நாம் பார்க்க வேண்டுமானால் ஒன்று நடித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வரைந்து காட்ட வேண்டும்.

படக்கதைக்கும் தொலைக்காட்சிக்கும் உறவு புதிதல்ல. 1967-இல் டெல்லித் தொலைக்காட்சியின் வினாடி வினா ஒன்றில் கிரேக்கக் கடவுள்களைப் பற்றிச் சரியாகச் சொன்ன பிள்ளைகள், இராமனின் தாயார் யார் என்ற கேள்விக்கு விழித்தார்களாம். அதைப் பார்த்த ஆனந்த் பைக்கு மனம் பொறுக்கவில்லை. 'அமர் சித்திரக் கதை' பிறந்தது அந்த ஆதங்கத்தில்தான் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. 'மால்குடி டேஸ்' தொடரை 1986-இல் ஷங்கர் நாக் எடுத்தபோது, தொடக்கத்தில் வந்து மனத்தில் ஒட்டிக்கொண்டவை ஆர்.கே. லக்ஷ்மணின் கோடுகள்.

அந்த வினாடி வினாவுக்கு இருபது ஆண்டு கழித்து அதே இராமன் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டான். 1987 ஜனவரி 25 தொடங்கி ஞாயிறு காலைகளில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்'. இங்கே கொஞ்சம் நின்று வரைய வேண்டும். குற்றாலம் ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர். ராஜாஜியும் கல்கியும் வந்திருந்து அவர் வாயால் கம்பனைக் கேட்ட ஊர். அவர் மறைந்தது 1954-இல். முப்பத்து சொச்சம் ஆண்டில் அந்த மலையடிவாரத்துக்கு இராமகதை இந்தியில் வந்தது. பேச்சில் ஒரு வரி புரியாவிட்டாலும் கதை தெரியும், அது போதும். கைகேயி வாயைத் திறக்குமுன்பே வரம் இன்னதென்று திண்ணையில் ஒரு பாட்டி சொல்லிவிடுவாள். அந்தப் பாட்டி எந்த நாடாவிலும் இல்லை. அவளை வரைந்தால்தான் உண்டு.

ஆகவே இந்தத் தொடர் நட்சத்திரங்களின் முகவரிசையாக ஆகிவிடக் கூடாது. ஷோபனா ரவி செய்தி வாசிப்பதை வரையும்போது, அவர் உச்சரிப்பைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கும் பள்ளி மாணவியும் கட்டத்துக்குள் இருக்க வேண்டும். 'வயலும் வாழ்வும்' ஓடும்போது அதைப் பார்த்துத் தலையாட்டும், அல்லது மறுத்துப் பேசும் சிற்றாற்றுப் பாசன விவசாயி வேண்டும். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நேரத்தில் வெறிச்சோடிய தெரு வேண்டும். தூத்துக்குடிக் கரையில், 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினிக்காகக் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்த ஆன்டெனா வேண்டும். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தபின் தெருவுக்குத் தெரு கட்டிய கேபிள் வயர், 2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு காலியான பக்கத்து வீட்டுத் திண்ணை, இவையும் வரலாறுதான்.

வரைய ஆள் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. தென்காசியிலிருந்து ராஜபாளையம் வழியாகப் போனால் சிவகாசி. 1972-இல் 'முத்து காமிக்ஸ்' இரும்புக்கை மாயாவியைத் தமிழ் பேச வைத்தது அங்கேதான். 1984-இல் 'லயன் காமிக்ஸ்' வந்ததும் அங்கிருந்துதான். நாளிதழில் தொடர் ஓடுமா என்ற சந்தேகத்துக்கு 1960 முதல் தினத்தந்தியில் வரும் 'கன்னித்தீவு' பதில் சொல்லும். தாத்தா படித்த சிந்துபாத்தைப் பேரனும் படிக்கிறான். இவ்வளவு காலம் வேறு நாட்டு வீரர்களுக்கு வாய் கொடுத்த கைகளும், கடல் தாண்டி அலைபவனைச் சலிக்காமல் வரைந்த கைகளும் நம் திண்ணைக்கும் நாலு கட்டம் ஒதுக்கட்டும்.

இலஞ்சிக் கூரைக்குத் திரும்பலாம். தடங்கல் நீங்கிவிட்டது. உள்ளே படம் தெளிவாக ஓடுகிறது, எல்லார் முகத்திலும் நீல வெளிச்சம். "அப்படியே பிடிச்சுக்கோல, அசையாத!" என்று ஒரு பலூன் மேலே போகிறது. கையை எடுத்தால் படம் போய்விடும். சாரல் நனைக்க நனைக்க, குழாயை விடாமல், ஓட்டு இடுக்கு வழியே வரும் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிறான் பையன்.