அந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பாவை ஏன் ரயிலேற்றவில்லை?

தோழர்களே,

போன வாரம் மரக்காணத்தில் நம் இரவுப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ‘ஒன் லைஃப்’ படம் போட்டுக் காட்டினோம். லண்டன் பங்குத் தரகர் நிக்கோலஸ் விண்டன், 1939இல் நாஜிகள் பிடித்த பிராகாவிலிருந்து 669 குழந்தைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த கதை. பெரும்பாலும் யூதக் குழந்தைகள். தொலைக்காட்சி அரங்கில் அந்தக் கிழவரைச் சுற்றிக் கூட்டமே எழுந்து நிற்கும் காட்சியில் நானும் அழுதேன். விளக்கைப் போட்டதும், உப்பள வேலைக்குப் போகும் ஒரு அக்காவின் மகள் கேட்டாள்: “அவங்க அம்மா அப்பாவ ஏன் ஏத்தல?”

‘சாதாரண மனிதன் நினைத்தால் போதும்’ என்று முகநூலில் உருகிய நம் ஆட்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. பதில் எளிது. பிரிட்டிஷ் அரசு விடவில்லை. 17 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், வளர்க்க ஒரு குடும்பம் வேண்டும், தலைக்கு 50 பவுன் கட்ட வேண்டும், பெற்றோர் வரக்கூடாது. அந்தப் பெற்றோரில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். விண்டனும் அவர் அம்மாவும், பிராகாவில் டோரீன் வாரினரும் ட்ரெவர் சாட்விக்கும் ராத்திரி பகலாக முட்டி மோதியது காகிதத்தோடு. நாயகனுக்குக் கைதட்டுகிறோம், கதவைச் சாத்திய அரசைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறோம். எனக்கு இந்தப் படத்தோடு உள்ள சண்டை இதுதான்.

பிராகா தூரம். கீழ்புத்துப்பட்டு? மரக்காணத்திலிருந்து புதுச்சேரி பஸ் ஏறினால் வழியில் வருகிறது, ஈழத்து அகதிகள் முகாம். 2021இல் தமிழக அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. வீடு கட்டப் பணமும் ஒதுக்கியது, நல்லது. ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில். 1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்தாலும், தாய் தகப்பன் இருவரும் அகதி என்றால் பிள்ளை இந்தியக் குடிமகன் இல்லை. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளை எண்ணியது. இலங்கையை எண்ணவில்லை. போரிலிருந்து தப்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அகதி.

“அது ஈழப் பிரச்சினை தோழர், நம்ம பிரச்சினை வேற” என்கிறார்கள் நம் அமைப்புகளிலேயே சிலர். அப்படியா? முகாம்களில் இருப்பவர்களில் மலையகத் தமிழர் எத்தனையோ பேர். வெள்ளைக்காரன் தேயிலைக்கும் காப்பிக்கும் கூட்டிப்போன கூலிகள் எந்தச் சேரிகளிலிருந்து போனார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1948இல் சிலோன் அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள், மாட்டைப் பிரிப்பதுபோல. அந்த மக்களைக் கேட்கவே இல்லை. கலவரத்தில் தோட்டத்தைவிட்டு வன்னிக்கு ஓடி, அங்கிருந்து படகேறி வந்தவர்கள் நம் சொந்தக்காரர்கள். சாதி விரட்டி அனுப்பியவர்களின் வாரிசுகளை, திரும்பி வந்த பிறகு ‘வெளிநாட்டவர்’ என்கிறது சட்டம். இது நம் பிரச்சினை இல்லையென்றால் எது?

முகாமுக்குள் போக அனுமதி வேண்டும். அதனால் வருகிற ஞாயிறு காலை 10 மணிக்கு வெளியே, பஸ் நிறுத்தத்தில் சந்திக்கிறோம். சட்டம் படிப்பவர்கள் 1955 குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 3, 5 இரண்டையும் படித்துவிட்டு வாருங்கள். பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் பழைய பாஸ்போர்ட், தோட்டத்துப் பதிவு என்று வீடு வீடாகக் கிடக்கும் தாள்களைப் பிரித்து அடுக்க ஆள் தேவை. கேள்வி கேட்ட அந்தப் பெண்ணும் வருகிறாள்.

ஜெய்பீம்.